பீரோவுக்குப் பின்னால் இருந்த கதவு: சங்கரன்கோவிலில் மழலையர் பள்ளி பார்க்கப் போன ஒரு நாள்

இந்தப் பக்கத்தில் இதுவரை அருவி, மலை, கோவில், சாப்பாட்டுக் கடை என்றுதான் எழுதியிருக்கிறேன். இது அப்படிப்பட்ட பயணம் இல்லை. ஒரு மழலையர் பள்ளி அரசு விதிகளின்படி இருக்கிறதா என்று பார்க்க, மே மாதக் கடைசி வியாழக்கிழமை மதுரையிலிருந்து சங்கரன்கோவில் போய் வந்தேன். வேலை மாற்றலாகிச் சின்னக் குழந்தையோடு தெரியாத ஊருக்குப் போகிறவர்கள் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். மற்றவர்கள் நேராகப் பிரியாணிப் பத்திக்குப் போய்விடலாம், கோபப்பட மாட்டேன்.

நான் கால்நடை மருத்துவர். மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு மருந்தகத்துக்கு மாற்றல் வந்திருந்தது. ஜூன் முதல் திங்கட்கிழமை பணியில் சேர வேண்டும். கணவருக்கு வளைகுடாவில், தோகாவில் வேலை, வருடத்துக்கு ஒரு மாதம் வருவார். மகள் யாழினிக்கு இரண்டே முக்கால் வயது. சங்கரன்கோவிலில் வீடு பார்த்தாகிவிட்டது, பகலில் பிள்ளையை எங்கே விடுவது என்பதுதான் பாக்கி. நல்ல இடம் அமையாவிட்டால் யாழினி மதுரையிலேயே தன்னிடம் இருக்கட்டும், நான் சனி ஞாயிறு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மாமியார் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் அம்மாவாக இருப்பதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

அங்கன்வாடியைப் பற்றியும் விசாரித்தேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது, ஆனால் நான் வேலை முடிந்து வர மாலை ஐந்தரை ஆகிவிடும், அதுவரை அங்கே விட முடியாது. ஆகவே தனியார் பள்ளிகள் இரண்டைக் குறித்துக்கொண்டேன். மழலையர் பள்ளிகளுக்கான விதிமுறைகளை இணையத்திலிருந்து இறக்கி, அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் கோடு போட்டுப் படித்தேன். மாட்டுக் கொட்டகைக்கு எத்தனை அடி, எத்தனை ஜன்னல் என்று பண்ணைக்காரர்களைப் பிடுங்கி எடுக்கிற ஆள் நான். சொந்தப் பிள்ளைக்கு விடுவேனா?

காலை 7.10-க்கு மதுரையில் செங்கோட்டை ரயில். சாதாரண டிக்கெட் முப்பது ரூபாய்தான். ஜன்னலோர இடம் வேண்டுமானால் அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். ராஜபாளையம் நெருங்க நெருங்க வலது பக்கம் மலை கூடவே வரும், மே மாதத்திலும் கண்ணுக்குக் குளிர்ச்சி. சங்கரன்கோவிலில் இறங்கும்போது மணி 9.25. வெயில் அதற்குள் உச்சந்தலையில் ஏறிவிட்டது. நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் நான்கு இட்லியும் ஒரு வடையும் நாற்பத்தைந்து ரூபாய்.

ஆட்டோக்காரர் என் கையில் இருந்த கோப்பைப் பார்த்துவிட்டு நான் ஏதோ அதிகாரி என்று நினைத்தார். பள்ளி பார்க்க வந்த அம்மா என்றதும் அவருக்கு ஏமாற்றம். இரண்டு இடத்துக்கும் போய்க் காத்திருந்து கூட்டிப்போக இருநூறு ரூபாய் கேட்டார், நூற்றைம்பதில் முடிந்தது. வழியெல்லாம் அவர் பிள்ளை எங்கே படிக்கிறான், என்ன மார்க் என்று ஒரு முழு விவரம் கிடைத்தது.

முதல் பள்ளி பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு துணிக்கடைக்கு மேலே முதல் மாடி. படியை எண்ணினேன், இருபத்திரண்டு. கைப்பிடிக் கம்பி பெரியவர்கள் உயரத்தில் இருந்தது. அங்கீகாரச் சான்று கேட்டதற்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்றார்கள். எப்போது என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். பத்து மணிக்கு மறுபடி ஆட்டோவில் இருந்தேன்.

இரண்டாவது பள்ளி ரயில் நிலையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். பள்ளியின் பெயர் வேண்டாம், ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன், காரணம் போகப் போகத் தெரியும். தரைத்தளத்தில் ஒரு பழைய வீடு, முன்னால் வேப்பமரம். நடத்துகிறவர் பேச்சியம்மாள் டீச்சர், நாற்பத்தைந்து வயது இருக்கும். கோடை விடுமுறையிலும் காப்பகம் நடப்பதால் இருபத்தாறு பிள்ளைகள் இருந்தார்கள். டீச்சரோடு இரண்டு உதவியாளர்கள். நான் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றும் அவர் முகம் சுளிக்கவில்லை. அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே எனக்குச் சுற்றிக் காட்டினார்.

உண்மையைச் சொல்கிறேன், பார்க்கப் பார்க்க எனக்குப் பிடித்துப்போனது. குழாய்கள் பிள்ளைகள் உயரத்தில் இருந்தன. கழிப்பறைக் கதவில் உள்தாழ்ப்பாள் இல்லை, இருக்கவும் கூடாது. முதலுதவிப் பெட்டியைத் திறந்து மருந்துத் தேதிகளைப் பார்த்தேன், எல்லாம் சரி. கேமரா வேலை செய்தது. தண்ணீர்த் தொட்டி கழுவிய நாளைக்கூடச் சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் செருப்பு இல்லை, வாசல் நடையில் இரண்டு தட்டு அலமாரி, ஒவ்வொரு பிள்ளையும் தன் செருப்பைத் தானே எடுத்துப் போட்டு வார் மாட்டினால்தான் வெளியே போகலாம். இதில் டீச்சருக்குப் பெரிய பெருமை. என் காகிதத்தில் டிக் மேல் டிக் விழுந்தது. மனதுக்குள் யாழினியை அங்கே உட்கார வைத்தே பார்த்துவிட்டேன்.

கடைசியாகச் சான்றிதழ்கள். டீச்சர் உள்ளறைக்குப் போய் ஒரு பெரிய இரும்புப் பீரோவைத் திறந்து கோப்பை எடுத்து வந்தார். அங்கீகாரம், கட்டட உறுதி, சுகாதாரம், தீயணைப்பு என்று நான்கும் ஒழுங்காக இருந்தன. கூடவே இருந்த கட்டட வரைபடத்தில் இரண்டு வாசல் போட்டிருந்தது. நான் பார்த்தது ஒன்றுதான். இன்னொன்று எங்கே என்று கேட்டேன்.

"பீரோவுக்குப் பின்னாடி இருக்கு" என்றார் டீச்சர், சாதாரணமாக.

விஷயம் இதுதான். வீட்டின் தென்மேற்கு மூலையைக் கன்னி மூலை என்பார்கள். அங்கே வாசல் கூடாது, கனமான பொருள்தான் இருக்க வேண்டும் என்பது வாஸ்து பார்ப்பவர்கள் சொல்வது. இந்த வீட்டின் பின்கதவு சரியாக அந்த மூலையில் இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் அதைப் பூட்டி, பீரோவை வைத்து அடைத்துவிட்டுத்தான் வாடகைக்கே கொடுத்திருக்கிறார். சான்று வாங்கும்போது என்ன செய்தீர்கள் என்றேன்.

"ஆய்வுக்கு வாராவன்னா முன்னக்கூட்டியே தெரிஞ்சிரும்லா. நாலு ஆளக் கூப்பிட்டு நகத்திருவோம். கதவு இருக்கான்னுதான் பாப்பாவ, தொறக்கச் சொல்ல மாட்டாவ. அவிய போன பொறவு பழையபடி வச்சிருவோம்."

இரண்டு வாசல் இருக்கிறது என்று சொல்லும் காகிதத்தை, இரண்டாவது வாசலை அடைத்து நிற்கிற பீரோவுக்குள்ளேயே பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "தீயும் முன்கூட்டியே சொல்லிட்டு வருமா டீச்சர்?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் துடுக்காகத்தான் கேட்டேன். டீச்சர் முகம் வாடிப்போனது. கதவு திறக்காவிட்டால் என் மகளை இங்கே விட முடியாது என்று சொன்னேன். சொல்லும்போது என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் எனக்கு வேறு இடம் கிடையாது.

வீட்டுச் சொந்தக்காரர் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை, வியாபாரம் முடிந்து 11.40-க்கு வந்தார். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிடுகிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன். மோர் கொடுத்து உட்காரச் சொன்னார். நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, மெதுவாகத்தான் பதில் சொன்னார்.

"டாக்டரம்மா, அந்தக் கதவு தொறந்து கெடந்த வருசம்தான் எங்க அண்ணன் போனாவ. நாப்பத்தோரு வயசு. அடைச்ச பொறவு வீட்ல ஒரு குறையும் இல்ல. நீங்க படிச்சவிய, நம்ப மாட்டிய."

நான் நம்பவில்லைதான். ஆனால் அண்ணனைப் பறிகொடுத்த மனிதரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் பேரன் கோமதிசங்கர், மூன்றரை வயது, அதே பள்ளியில்தான் இருக்கிறான் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். ஐந்து நிமிடம் வந்து வாசலில் நின்று ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள் என்று அண்ணாச்சியைக் கேட்டேன். வந்தார்.

தீப்பிடித்தால் எப்படி வருவார்களோ அப்படி எல்லாரையும் ஒரு முறை வெளியே கூப்பிடச் சொன்னேன், டீச்சர் பிள்ளைகளைப் பயமுறுத்தவில்லை. எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போவோம், வெரசலா வாங்க என்று மட்டும் கூப்பிட்டார். நான் கைபேசியில் நேரம் பார்த்தேன். முன்வாசல் நடை ஒரு மீட்டர் அகலம். அதில் இருபத்தாறு பிள்ளைகளும் செருப்பு அலமாரியும். முதல் ஐந்து பேர் உடனே வந்துவிட்டார்கள். பிறகு அடைத்துக்கொண்டது. வலது செருப்பை இடது காலில் போட்டு ஒருத்தி நின்றாள், அவளுக்குப் பின்னால் பத்துப் பேர். உதவியாளர் ஒருவர் இரண்டிரண்டு பேராகத் தூக்கி வெளியே விட்டார். அண்ணாச்சி வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. இருபத்தைந்தில் நின்றுவிட்டார்.

இருபத்தாறாவது ஆள் நடையிலேயே உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். கோமதிசங்கர். அவன் வெளியே வந்தபோது ஐந்து நிமிடம் இருபது விநாடி.

"ஏலே, செருப்பு கெடக்கட்டும்னு ஓடி வர மாட்டியா?" என்றார் அண்ணாச்சி.

"செருப்பு போடாம வெளிய போகக் கூடாது தாத்தா" என்றான் பேரன். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணாச்சி அங்கேயே நின்று கைபேசியை எடுத்தார். கடைக்குப் போன் போட்டார். 12.30-க்குச் சுமைதூக்கும் ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். பீரோ அடுத்த அறைக்குப் போனது. பூட்டுச் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாததால் சுத்தியல்தான் திறந்தது. தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டு இழுக்க அரை மணி நேரம். கதவு திறப்பதற்கு முன்னால் அண்ணாச்சி சூடம் ஏற்றி ஒரு தேங்காய் உடைத்தார். கைகூப்பி அவர் நின்ற நேரத்தில் நானும் பக்கத்தில் போய் நின்றேன். அந்தப் பக்கம் ஒரு சந்து, அங்கே யாரோ கதவுக் கம்பியில் ஆட்டைக் கட்டியிருந்தார்கள். பழக்கதோஷத்தில் அதன் குளம்பைத் தூக்கிப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. இனி இங்கே கட்டாதீர்கள் என்று ஆட்டைத் தேடி வந்த பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்தேன். வெளியே போகச் செருப்பு வேண்டும் என்ற விதியையும் டீச்சர் அன்றே எடுத்துவிட்டார்.

சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு மணிக்கு மட்டன் பிரியாணி. இந்த ஊருக்கு வந்து அதைச் சாப்பிடாமல் போவது முறையில்லை. இருநூற்றிருபது ரூபாய், மூன்று மணிக்கு மேல் போனால் கிடைக்காது. 4.40 பேருந்தில் ராஜபாளையம், அங்கே மாறித் திருமங்கலம் வழியாக மதுரை. வீட்டுக்குள் நுழையும்போது எட்டேகால். மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, யாழினியின் துணிகளை அவரே மடித்துப் பெட்டியில் வைத்தார்.

நீங்கள் போவதாக இருந்தால் சில விஷயங்கள். சொல்லாமல் போங்கள், பத்திலிருந்து பதினொன்றரைக்குள் போங்கள், அப்போதுதான் பிள்ளைகளோடு பார்க்க முடியும். சான்றிதழில் எழுதியிருப்பதைக் கண்ணால் தேடுங்கள்: கதவு என்றால் திறந்து பாருங்கள், தீயணைப்பான் என்றால் தேதியைப் பாருங்கள். தாழ்ப்பாள் பெரியவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும், பூட்டு இருக்கக் கூடாது. எல்லாரும் வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் மட்டும் போகாதீர்கள், ஊருக்குள் ஆட்டோகூட நுழையாது. இன்னொன்று, என்னைப் போலத் துடுக்காகப் பேசாதீர்கள். பேச்சியம்மாள் டீச்சர் கெட்டவர் இல்லை. அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதில் பாதிகூட என்னால் முடியாது.

இதை எழுதுவது ஆடி மாதத்தில். போன வாரம் அண்ணாச்சியின் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். தெருவே கதவைத்தான் சொன்னது. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்த அம்மாவுக்காகவும்தான், ஆனால் பீரோ திரும்பி வந்தால் யாழினியை மதுரைக்கு அனுப்ப வேண்டுமே என்பதற்காகவும்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் பள்ளி வாசலில் அண்ணாச்சியைப் பார்த்தேன். அம்மாவின் கை எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, கதவை மூடிவிடுவீர்களா என்று நேராகவே கேட்டேன்.

"வீட்ல தெனமும் அதத்தான் சொல்லுதாவ" என்றார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு டாக்டரம்மா. ஆனா படுத்தா, அந்தப் பய நடைல உக்காந்து வார் மாட்டிக்கிட்டு இருந்ததுதான் தெரியுது. நான் எப்படி அடைப்பேன்?"

அவர் பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். நான் உள்ளே போய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளை விலக்கித் தள்ளிப் பார்த்தேன். திறந்தது. யாழினியை அந்த வழியாகவே வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.