சிவப்புப் பொட்டு இல்லாத கார்டு

சாத்தூர் அண்ணாச்சி இறந்துவிட்டார். காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்... நெஞ்சுவலியாம்.

சிவகாசியில் பழைய மெஷின் வைத்திருக்கும் பிரஸ்காரர்களுக்கு அவரைத் தெரியும். மெஷினை ஓட்டும் கன்ட்ரோல் பேனலில் வரிசையாக எலக்ட்ரானிக் கார்டுகள் செருகியிருக்கும். ஒன்று போனாலும் மெஷின் நின்றுவிடும்.

எங்கள் பிரஸ் மெஷினுக்கான கார்டைக் கம்பெனியே நிறுத்திப் பல வருடம் ஆகிறது. எங்கெங்கோ கழித்துப்போட்ட பேனல்களிலிருந்து எடுத்து, சரிசெய்து விற்பவர் அண்ணாச்சிதான்.

கேட்டவுடன் தர மாட்டார். இரண்டு நாள் தன் மேஜையில் ஓடவிட்டுப் பார்ப்பார்.

"ஆபரேஷன் முடிஞ்சதும் வீட்டுக்கு அனுப்பிருவாகளா? ரெண்டு நாள் வார்டுல கெடக்கட்டும்மா."

தேறிவிட்டால் ஸ்க்ரூ மேல் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு.

"என்ன அண்ணாச்சி, கார்டுக்கு மேக்கப்பா?" என்று ஒருமுறை கேட்டேன். "நம்ம வீட்டுப் பிள்ளைன்னு அடையாளம் வேணும்ல" என்றார்.

எங்கள் பிரஸ்ஸில் ஸ்பேர் வாங்குவது என் வேலை. ஒரு காலண்டர் சீசனில் கட்டிங் மெஷின் நின்றது. அண்ணாச்சி வழக்கம்போல இரண்டு நாள் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

மதுரையில் ஒருவரிடம் இருந்த கார்டை அன்றே பஸ்ஸில் வரவழைத்து மாட்டினோம். மூன்றாம் நாள் புகைந்துவிட்டது.

யாரிடம் வாங்கினாய் என்று முதலாளி கேட்டார். "அண்ணாச்சிகிட்டதான் சார்..." பயத்தில் வாயில் வந்துவிட்டது.

உடனே அவரை வரச் சொன்னார்.

"என்ன அண்ணாச்சி, குப்பையக் கொண்டாந்து எங்க தலையில கட்டிட்டீக?" அத்தனை பேர் முன்னால்.

அண்ணாச்சி கார்டைத் திருப்பிப் பார்த்தார். பொட்டு இல்லை. என்னைப் பார்த்தார்.

"எங்கயோ பிசகிருச்சு மொதலாளி. வேற தாரேன்."

டெஸ்டில் இருந்த கார்டைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு முதலாளி அவரைக் கூப்பிடவில்லை. முதலாளி சொல்லி இன்னும் இரண்டு பிரஸ்ஸிலும் அண்ணாச்சியிடம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

போன பொங்கலுக்குச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன்.

"மெஷின் ஓடுதாம்மா?"

"ஓடுது அண்ணாச்சி."

"அப்புறம் என்ன..." என்று சிரித்தார். சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

முதலாளி இந்தப் பதிவைப் பார்ப்பார்.

சார், அன்றைக்குப் புகைந்தது அண்ணாச்சி கார்டு இல்லை. நான் மதுரையில் வாங்கியது. இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறதே, அதுதான் அவருடையது.

நான்கு மணிக்கு எடுக்கிறார்களாம். வந்துகொண்டிருக்கிறேன் அண்ணாச்சி...