வெர்னா தன் கையால் அச்சடித்த காசோலை

வெர்னா டாக்கெட் எங்கள் பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபது வருடத்துக்கு மேல் சோள ரொட்டி சுட்டவள். அதே பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை. சம்பளக் காசோலையை அவள் கையில் கொடுப்பது நான்தான். வாங்கியவுடன் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுவிடுவாள். சாயங்காலம் நிலக்கரி லாரியோடு வாசலில் வந்து நிற்கும் அவள் புருஷன் டெல்பர்ட் கையை நீட்டுவான். வங்கிக் கணக்கு இருவர் பேரிலும்தான் இருந்தது. காசோலைப் புத்தகம் மட்டும் அவன் சட்டைப்பையை விட்டு வந்ததில்லை.

ஒரே ஒரு தடவை அவன் தூங்கும்போது அதை எடுத்து அவளாக ஒரு காசோலை எழுதினாள், அக்காள் லூடீயின் பல்செட்டுக்கு. டெல்பர்ட் வங்கிக்குப் போன் போட்டு அதை நிறுத்திவிட்டான். பல் வைத்தியர் வீட்டில் காத்திருந்தவர்கள் எல்லார் முன்னாலும் லூடீயிடம், "ஒன் தங்கச்சி செக் திரும்பி வந்துடுச்சு" என்றார்கள். அந்த நவம்பரில் ஒரு நாள் வேலை முடிந்ததும் வெர்னா லாரிப் பக்கம் போகவில்லை. என் காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க விடணும்?"

"அவன் இல்லாத எடமா பாத்து விடு, ரமோனா."

மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் டயர் கடை மாடியில் ஓர் அறை பிடித்தோம். தன் பேரில் தனிக் கணக்கு திறந்தாள். வங்கியோ புதுக் காசோலைகளைப் பழைய விலாசத்துக்கே அனுப்பிவிட்டது. டெல்பர்ட் அவற்றை அடுப்பில் போட்டுவிட்டு அதைச் சலூனில் சொல்லிச் சிரித்தானாம். வேறு கணக்கு, வேறு எண், மறுபடியும் காத்திருப்பு. அதற்குள் கேஸ் கம்பெனி அவள் கதவில் எச்சரிக்கை அட்டையை மாட்டிவிட்டுப் போனது. தபாலில் காசோலையோ மணியார்டரோ வந்தால்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். மணியார்டர் வாங்கலாமென்றால் தபால் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் டெல்பர்ட்டின் தம்பி.

அந்தக் காலத்தில் காசோலை அச்சடிக்கும் மென்பொருளையும் வெற்றுத் தாளையும் ஒரே பெட்டியில் போட்டுக் கடைகளில் விற்றார்கள். என் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. பெட்டியைப் பார்த்ததும் வெர்னா பின்னால் நகர்ந்தாள்.

"இது கள்ள நோட்டு அடிக்கிற மாதிரி ஆகாதா? பிடிச்சு உள்ள போட்டா?"

"அரசாங்கத்து நோட்டை அடிச்சாத்தான் குத்தம். இது ஒன் கணக்கு, ஒன் பணம்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. வங்கிக்கே போய்க் கேட்டாள். அங்கே பணம் வாங்கும் மிஸஸ் காடில் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பதில் சொன்னார்.

"தாராளமா அடிச்சுக்கலாம்மா, தப்பே இல்ல. கீழ இருக்கிற நம்பரைக் காந்த மையில அடிச்சா மெஷின் படிக்கும். இல்லேன்னா நாங்க கையால பாக்கணும், நாளாகும். ஆனா ஒண்ணு. கடைக்காரன் அத வாங்கியே ஆகணும்னு சட்டம் கெடையாது."

காந்த மைக்கு நாங்கள் எங்கே போவது? என் பிரிண்டரில் இருந்த மையிலேயே அடித்தோம். தாளில் தன் பெயர் மட்டும் தனியாக வந்ததை வெர்னா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் காசோலை கேஸ் கம்பெனிக்குத் தபாலில் போனது.

அந்தச் சனிக்கிழமை பனி கொட்டியது. வங்கி மூடிவிட்டது, அவள் கையில் ரொக்கம் இல்லை. மளிகைக் கடையில் மாவும் காப்பித்தூளும் பன்றிக்கொழுப்பும் எடுத்து வைத்துவிட்டுக் காசோலையை நீட்டினாள். கடை மேனேஜர் அதை விளக்குக்கு நேரே பிடித்தார். பிறகு விரலை நக்கி அவள் பெயர் மேல் தேய்த்தார். மை கலைந்து நீலமாக வழிந்தது.

"இத எங்கம்மா செஞ்ச?"

"என் சிநேகிதி வீட்ல. என் கணக்குதாங்க. திங்கக்கிழமை வங்கில கேட்டுப் பாருங்க."

அவர் உள்ளூர்ப் போலீசான ஷெரீப் ஆபீசுக்குப் போன் செய்தார். வந்த டெபுடி இளவயதுக்காரன், மரியாதையாகத்தான் பேசினான். நாய்த்தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்தான்.

"வங்கி மூடிக் கெடக்கு. ஒங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சு போச்சு."

"வேணாம் தம்பி. அவருக்கு மட்டும் சொல்லாதீங்க. ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

கெஞ்சக் கெஞ்ச அவனுக்குச் சந்தேகம் வலுத்தது. போன் போனது. மலையைச் சுற்றிக்கொண்டு டெல்பர்ட் வந்து சேர்ந்தான். தாளை வாங்கிப் பார்த்தான். அவளைப் பார்க்கவேயில்லை.

"இவளுக்கு ஏது சார் கணக்கு? என் பொண்டாட்டி ஒரு செக்கு எழுதினதில்ல. யாரோ ஏமாத்தச் சொல்லிக் குடுத்திருக்காங்க." பிறகு அவள் பக்கம் குனிந்து மெதுவாக, "வீட்டுக்கு வரியா? வந்தா நானே சொல்லி முடிச்சு வைக்கிறேன்" என்றான்.

வெர்னா எழுந்து டெபுடியின் காரைப் பார்த்து நடந்தாள்.

செய்தி கேட்டு நான் ஞாயிற்றுக்கிழமை சிறைக்கு ஓடினேன். பார்க்க விடவில்லை. திங்கள் காலை மிஸஸ் காடில், "அது எங்க கணக்குதான், பணமும் இருக்கு" என்று போனில் சொன்ன பிறகுதான் விட்டார்கள். வழக்கு எதுவும் இல்லை. யாரும் வருத்தமும் சொல்லவில்லை. காரில் அவள் முகம் அழுது வீங்கியிருக்கும் என்று பயந்தபடியே பார்த்தேன். வீங்கவில்லை.

"நல்லாத் தூங்கினேன், ரமோனா. அந்தக் கதவ அவனால தொறக்க முடியாதுல்ல" என்றாள்.  நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

மாடி அறையில் மூச்சு விட்டால் புகையாக வந்தது. காந்த மை இல்லாத காசோலையை இயந்திரம் படிக்காமல் தள்ளிவிட, பணம் சேர்வதற்குள் கேஸைத் துண்டித்திருந்தார்கள். குழாய் உறைந்து வெடித்துச் சுவரெல்லாம் பனிக்கட்டி. பள்ளியில் அவளைச் சமையற்கட்டுக்குள் விடவில்லை.

தலைமையாசிரியரிடம் நானே போய்ச் சொன்னேன். "வழக்கே இல்லீங்க. சட்டப்படி அதுல தப்பே இல்ல."

"தப்புன்னு யாரு சொன்னா? பிள்ளைங்களப் பெத்தவங்க பேசறாங்க. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். கொஞ்ச நாளில் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் வரை வெர்னா என் வீட்டில் இருந்தாள். டெல்பர்ட்டின் லாரி தெருமுனையில் வந்து நிற்பதும் போவதுமாக இருந்தது. ஷெரீப் ஆபீசில் சொன்னேன். தெருவில் வண்டி நிறுத்துவது குற்றமில்லை என்றார்கள். அதற்கு மேல் அவளால் அங்கே இருக்க முடியவில்லை. லூடீ வந்து அவளை ஒஹாயோவுக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே முதியோர் இல்லச் சமையலறையில் வேலை கிடைத்தது. விவாகரத்து முடிய இரண்டு வருடம் ஆனது. அந்த ஊர் வங்கி பூப்போட்ட காசோலைப் புத்தகம் ஒன்று கொடுத்திருப்பதாகப் போனில் சொன்னாள்.

"எழுதிப் பாத்தியா?"

"இல்ல. கடைல நீட்டப் போனா வெரல் மரத்துப் போகுது. ரொக்கமாவே குடுத்துடறேன்" என்றாள். பிறகு அங்கே பனி எவ்வளவு விழுந்திருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள்.