லண்டன் விடியும்வரை பொறுத்த நெஞ்சுவலி

என் கணவரின் இதயத்தில் ஒரு பகுதி செத்துப்போனதற்கு அவருடைய அண்ணன்தான் காரணம். பெரியத்தான் லண்டனில் டொக்டர். முழங்கால் டொக்டர். ஆனால் எங்கள் குடும்பத்தில் தலை இடித்தாலும் வயிறு ஊதினாலும் அவர்தான் பார்ப்பார், போனில்.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில். தடுக்கி விழுந்தால் ஒரு டிஸ்பென்சரி வாசலில்தான் விழ வேண்டும். அப்படியிருந்தும் லண்டனுக்குச் சொல்லாமல் எங்கள் வீட்டில் ஒருவரும் ஆஸ்பத்திரிப் படி மிதிப்பதில்லை. ஒருமுறை நான் அவரைக் கேட்காமல் பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேஷன் செய்துவிட்டேன். தன்னை ஒரு டொக்டராக மதிக்கவில்லை என்று தீபாவளி வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. மற்றவர்கள்தான் பயந்துபோனார்கள்.

மாரடைப்புக்கு முந்தின கிழமை முழுக்க என் கணவர் மரைன் டிரைவில் நடக்கும்போது இடையிடையே நின்று கடலைப் பார்த்தார். இத்தனை வருஷமாகக் கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் ஒருநாள்கூடத் திரும்பிப் பார்க்காத மனிதர்.

"என்னப்பா, புதுசா கடலிலை ஆசை?" என்று கேட்டேன்.

"சும்மா பாக்கிறன்" என்றார். நடந்தால் நெஞ்சு இறுகியதும், நின்றால் விட்டதும் பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை மீன் வாங்கி வந்தவர், பையை வாசலிலேயே வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். நெஞ்சுக்கு நடுவில் யாரோ ஏறி நிற்பதுபோல இருக்கிறது என்றார். இடது கை விறைக்கிறது, தாடையும் நோகிறது என்றார். ஃபானுக்குக் கீழே இருந்தும் சேட்டு தோய்த்தெடுத்ததுபோல நனைந்திருந்தது.

நான் அம்புலன்ஸுக்கு எடுக்கப் போனேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த மச்சாள், அதாவது இவருடைய அக்கா, போனை என் கையிலிருந்து பறித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பொறும். முதல்லை அண்ணையைக் கேப்பம்."

"அப்ப கேளுங்கோவன்."

"அங்கை இப்ப நித்திரையாயிருப்பார். பாவம். விடியட்டும்."

"ஆருக்கு விடியட்டும், மச்சாள்?"

"உமக்கு எப்பவும் அவசரம்தான்."

நோவிலே இருந்த மனிதரும் அக்காவின் பக்கம்தான். "கேஸ்ரிக்காத்தான் இருக்கும். அண்ணையை எழுப்பாதையுங்கோ" என்றார். மாரடைப்பிலும் மரியாதை தவறாத குடும்பம்.

லண்டன் விடியும்வரை வாய்வுக்கென்று வேர்க்கொம்புத் தண்ணி கொடுத்தார்கள். சோடா கொடுத்தார்கள். முதுகில் தைலம் தேய்த்தார்கள். அவர் குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தார். "வாய்வு வெளிக்கிடுது" என்று மச்சாள் சந்தோஷப்பட்டார்.

கடைசியில் அங்கே விடிந்தது. பெரியத்தான் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு போனில் தெரிந்தார்.

"நாக்கைக் காட்டு."

காட்டினார்.

"ராத்திரி என்ன சாப்பிட்டனி?"

"கொத்துரொட்டி, அண்ணை."

"பிறகென்ன! கேஸ்ரிக் குளிசை ஒண்டைப் போட்டிட்டுப் படு. பின்னேரம் போன் எடு."

நோ எங்கே இருக்கிறது, எப்போது தொடங்கியது, கைக்கு இறங்குகிறதா, ஒன்றும் கேட்கவில்லை. நாக்கு நல்ல நாக்கு என்று பார்த்தாரோ தெரியாது.

நான் போனைப் பறித்து அந்த அழைப்பை வெட்டினேன். அம்புலன்ஸுக்கு எடுத்தேன்.

"அண்ணை சொன்னதுக்குப் பிறகுமோ?" என்றார் மச்சாள்.

"ஓம். அதுக்குப் பிறகுந்தான்."

வந்தவர்கள் அவரை ஒரு அடி நடக்கவிடவில்லை. கதிரையில் வைத்துத் தூக்கினார்கள். அஸ்பிரின் கொடுத்து, விழுங்காமல் சப்பச் சொன்னார்கள். நோ எப்போது தொடங்கியது என்று சிங்களத்தில் கேட்டார்கள். மச்சாள் நல்ல சிங்களத்தில், "இப்பதான்" என்றார். காலையிலிருந்து என்று நான் திருத்தினேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தார். ஆனால் இரத்தம் போகாமல் செத்த தசை இனித் திரும்பாது, நோ வந்தவுடன் கொண்டுவந்திருந்தால் அதையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். இப்போது இவர் குளித்துவிட்டு வந்தாலே இருந்து களைப்பாற வேண்டும்.

அடுத்த நாள் பெரியத்தான் குடும்ப வட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "நெஞ்சு நோ என்றதும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். கடவுள் காப்பாற்றினார்." கனடாவும் சிட்னியும் கை கூப்பின. பக்கத்தில் இருந்து எல்லாம் கேட்ட மச்சாளும் கை கூப்பினார். "எப்போது சொன்னீர்கள்?" என்று நான் அங்கேயே கேட்டேன். அவரிடமிருந்து எனக்கு மட்டும் தனியாக ஒன்று வந்தது: "குடும்பத்துக்குள்ளே இதைப் பெரிசாக்க வேண்டாம்."

இப்போது மச்சாளுக்குப் படி ஏறினால் தோள் நோகிறதாம், மூச்சு முட்டுகிறதாம். சீனி வருத்தக்காரி. இன்றைக்கே ஈ.சி.ஜி. எடுப்பம், வாங்கோ என்றேன்.

"அண்ணை லீவிலை ஸ்பெயினுக்குப் போயிருக்கிறார். வரட்டும், கேப்பம்" என்கிறார். என் சொல் அங்கே எடுபடாது. உங்கள் சொல்தான் எடுபடும், பெரியத்தான்.

அன்றைக்கு உங்கள் தம்பிக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை அந்தக் குழுவில் உள்ளபடி எழுதுங்கள். "நெஞ்சு இறுகினால், வேர்த்தால், தோளோ தாடையோ நொந்தால் என்னைத் தேடாதேங்கோ, உடனே அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ" என்றும் எழுதுங்கள். எனக்குத் தனியாக ஒன்றும் அனுப்ப வேண்டாம். கை கூப்பியவர்கள் எல்லாரும் பார்க்கிற இடத்தில் பதில் சொல்லுங்கள். ஸ்பெயினிலும் போன் வேலை செய்யும்.