அமெரிக்க எழுத்துக்கூட்டல்

பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் ஒரு மருத்துவமனை நூலகம். அங்கே க்ளெனிஸ் பாரிக்குப் பல வருஷமாக ஒரே வேலை. டாக்டர்கள் ஒரு கேள்வியோடு வருவார்கள். அதைப் பற்றி உலகத்தில் நடந்த ஆய்வு ஒன்றுகூட விட்டுப்போகாமல் கணினியில் தேடிக் கொடுக்க வேண்டும். கட்டுரை வெளிவரும்போது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நன்றி சொல்வார்கள். அதையும் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். படித்தவர்களின் ஞாபகசக்தி அவ்வளவுதான்.

இந்த முறை டாக்டர் இட்ரிஸ் வான் அவள் பெயரையும் ஆசிரியர் வரிசையில் சேர்த்திருந்தார். கர்ப்பிணிகளின் இரத்தசோகைக்கு மாத்திரை நல்லதா, ஊசி நல்லதா என்பது கேள்வி. அவள் தேடிக் கொடுத்த ஆயிரக்கணக்கான ஆய்வுச் சுருக்கங்களை இட்ரிஸும் இன்னொரு டாக்டரும் தனித்தனியே, ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் படித்து, தேவையானதைச் சலித்து எடுத்திருந்தார்கள். இந்தத் தொழிலின் சட்டம் அது. வெள்ளிக்கிழமை கட்டுரை மருத்துவப் பத்திரிகைக்குப் போக வேண்டும்.

புதன்கிழமை, ஒரு நர்ஸுக்காக வேறு எதையோ தேடும்போது க்ளெனிஸின் கண்ணில் பட்டது. இரத்தசோகைக்கான ஆங்கிலச் சொல்லைப் பிரிட்டன்காரர்கள் ஓர் எழுத்து கூடுதலாகப் போட்டு எழுதுவார்கள். அமெரிக்கர்கள் அதை விழுங்கிவிடுவார்கள். அவள் உள்ளூர் வழக்கப்படி மட்டுமே தேடியிருந்தாள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லித்தரும் பாடம்! திரும்பத் தேடினாள். புதிதாக முந்நூற்றுச் சொச்சம் வந்து விழுந்தன.

யாருக்குத் தெரியப்போகிறது? சொன்னால் கட்டுரை நிற்கும், பெயரும் போகும். சொல்லாவிட்டால் எங்கோ ஒருத்திக்குத் தவறான மருந்து போகலாம். போகாமலும் இருக்கலாம். அந்த 'லாம்' மீது அவளுக்கு எரிச்சலாக வந்தது. அலுத்துப்போன மனசுக்கு யோசிக்கவும் தெம்பில்லை.

வீட்டுக்குக் கிளம்பி, கோட்டோடு நூலகத்தை எட்டிப் பார்த்த இட்ரிஸிடம் சொல்லிவிட்டாள்.

அவர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். "சொல்லாம விட்டிருக்கலாமே, க்ளெனிஸ். என் பொண்ணுக்கு என் முகமே மறந்துபோச்சு."

"என் பேரை எடுத்துடு கண்ணு. எல்லாத்தையும் நானே படிச்சுடறேன்."

"நீங்க ஒருத்தரே படிச்சா செல்லுமா? எனக்கே பாடம் எடுத்த ஆளு நீங்க!"

"அப்ப அந்த இன்னொரு டாக்டரு?"

"அவன் ஸ்பெயின்ல வெயில் காயறான். குடுத்து வெச்சவன்."

இட்ரிஸ் ஜன்னல் மழையைப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்துவிட்டு, எதிர்மேஜைக் கணினி முன்னால் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"பத்திரிகைக்காரங்களுக்குத் தாமதமாகும்னு நான் எழுதிக்கறேன். உங்க பேரு அங்கயே இருக்கட்டும். பேரு போட்டவங்கதான் உக்காந்து படிக்கணும்."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "இட்ரிஸ்..."

"பேசாதீங்க. நீங்க எதை எடுக்கறீங்க, எதைத் தள்ளறீங்கன்னு எனக்குத் தெரியக்கூடாது."

க்ளெனிஸ் ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் சுருக்கத்தைத் திறந்தாள்.