மஞ்சள் காரும் எங்கள் லயத்து வாசலும்

கல்யாண வாகனம் ஓட்டுகிறவனுக்கு ஊரே சிரிக்கும் நாளில்தான் வேலை. அவன் முகத்தில் மட்டும் அன்றைக்கு ஈயாடாது.

கூலிக்கு ஸ்டியரிங் பிடிக்கும் அண்ணன் தம்பிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்ல நேரம் தவறினால் திட்டு நமக்கு. மழை பெய்தால் திட்டு நமக்கு. மாப்பிள்ளை தூங்கிவிட்டாலும், ஹோர்ன் அடித்து எழுப்பாத குற்றம் நமக்குத்தான். பண்டாரவளையில் ஒரு முதலாளியிடம் பல வருஷமாக இந்தத் திட்டுகளைச் சம்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். எங்களிடம் இருந்தது இரண்டு வேன், ஒரு வெள்ளைக் கார். போன வருஷம் முதலாளி கொழும்புக்குப் போனார். என்ன காற்றுப் பட்டதோ, வெள்ளைக் காரையும் ஒரு வேனையும் விற்றுவிட்டு, இரண்டே கதவுள்ள அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றோடு திரும்பி வந்தார். யாரோ முன்பே ஓட்டிப் பாவித்த கார்தான். பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். நல்ல மஞ்சள் நிறம். மூக்கு நீளம், முதுகு குட்டை, உயரம் என் நெஞ்சுக்குக் கீழே. “இனி மாப்பிள்ளைமாரெல்லாம் இதைத்தான் கேப்பாங்க, நீதான் ஓட்டணும்” என்றார். நான் பயந்து இரண்டடி பின்னால் போனேன்.

பயந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அப்புத்தளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் இருக்கும் என் அக்காவின் மகள் தர்ஷினிக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பதுளையில் கடை வைத்திருப்பவர்கள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துக்கொண்டே, “தோட்டத்துக்குள்ள நல்ல வாகனம் எதுவும் வராதுதானே. பொண்ண டவுனுக்குக் கொண்டு வந்துருங்க, அங்கேருந்து நாங்க அழைச்சுக்கிறோம்” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் திரைக்குப் பின்னால் நின்ற தர்ஷினிக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. பிறகு என்னிடம் வந்து, “மாமா, என்னைய நம்ம லயத்து வாசல்ல வச்சுத்தான் ஏத்தணும். அந்த மஞ்சக் கார்லதான் ஏத்தணும்” என்றாள். தாய்மாமன் நான். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. முதலாளியிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்னால் வரும் ஹயர்களை, அதாவது வாடகை ஓட்டங்களை, ஒழுங்காக ஓட்டச் சொன்னார். கீறல் இல்லாமல் கொண்டு வந்தால் கல்யாணத்தன்று கார் எனக்கு. கீறல் விழுந்தால் காரும் இல்லை, வேலையும் இல்லை.

மூச்சுப் பிடித்து ஏறியது

மலைநாட்டில் வேன் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏற்றம் வருவதற்கு ஒரு வளைவு முன்னாலேயே மூச்சுப் பிடித்து, எக்ஸலேட்டரை அடி வரைக்கும் மிதித்துவிடுவோம். அப்போதுதான் நம் கிழட்டு வேன் பாதி மலையில் நின்று பெருமூச்சு விடாது. முதல் நாள் முதலாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு புறப்பட்டபோது, ஏற்றம் தெரிந்ததும் என் கால் அதையேதான் செய்தது. காலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அது பழக்கதோஷம்.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்தது போல இருந்தது. தலை போய் சீட்டில் ஒட்டிக்கொண்டது. ஏற்றம் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது, அடுத்த வளைவு கண்ணாடிக்குள் வந்து நின்றது. பதறிப்போய் கிளச்சைத் தேடி இடது காலை ஓங்கி மிதித்தேன். அந்தக் காரில் கிளச்சே கிடையாது. மிதிபட்டது பிரேக். முதலாளியின் மூக்குக் கண்ணாடி பறந்து முன்னால் விழுந்தது, கார் வளைவின் மதிலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கீழே மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலாளி கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, வெகு நிதானமாகக் கேட்டார்: “நீ கல்யாண வீட்டுக்கு ஆள் ஏத்தப் போறியா, இல்ல எழவு வீட்டுக்கா?”

எலுமிச்சம்பழம்

இதற்குமேல் சாமியை நம்புவதுதான் வழி என்று மறுநாளே கோயிலுக்குக் கொண்டு போனோம். பூசாரி சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் பயந்து பயந்துதான் ஸ்டார்ட் செய்தேன். செய்ததும் அந்த என்ஜின் போட்ட உறுமலில் கோயில் கூரையிலிருந்த புறாக்கள் ஒன்று விடாமல் பறந்துவிட்டன. அர்ச்சனைக்கு வந்த ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தே விட்டார்.

மெதுவாகத்தான் மிதித்தேன், சாமி சத்தியமாக. ஆனால் நான் மெதுவென்று நினைப்பதும் அந்தக் கார் மெதுவென்று நினைப்பதும் வேறு வேறு. மஞ்சள் தண்ணீர் தெளித்த சீமெந்துத் தரையில் பின் டயர் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. முன்னால் இருந்த பழங்கள் அப்படியே இருந்தன. பின்னால் இருந்த ஒன்று துப்பாக்கிக் குண்டு போலப் பறந்து, காரின் பின்பக்கம் தீபத் தட்டோடு நின்ற பூசாரியின் முழங்காலில் போய் அடித்தது. நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். அவர் முழங்காலைத் தேய்த்தபடி என்னைப் பார்த்தார். “நசுக்கத்தான் சொன்னேன் தம்பி, என்னைய சுடச் சொல்லல.”

பின் சீட்டுப் பெரியம்மா

முதல் ஹயர் பதுளையில். பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். கல்யாணப் பெண்ணோடு தோழி, அம்மா, பெரியம்மா என்று ஒரு பட்டாளமே ஏறுவதுதானே நம் வழக்கம்? இந்தக் காரின் பின் சீட்டில் இரண்டு பூக்கூடை வைக்கலாம், அவ்வளவுதான். நான் சொல்லிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். பெண்ணின் பெரியம்மா கேட்கவில்லை. நல்ல பட்டுச்சேலை, நல்ல உடம்பு. முன் சீட்டை மடித்து, ஒரு காலை உள்ளே விட்டு, மூன்று பேர் பின்னாலிருந்து கைகொடுக்க, எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டார்.

கோயில் வாசலில் பெண் இறங்கினாள். மேளம் ஆரம்பித்தது. பெரியம்மா மட்டும் இறங்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தோம், வளையல் வந்தது, பெரியம்மா வரவில்லை. பக்கவாட்டில் திரும்பச் சொன்னோம், கொண்டை கூரையில் மாட்டிக்கொண்டது. ஒருவர் கதவைக் கழற்றலாமா என்று கேட்டார், எனக்கு உயிரே போய்விட்டது. கதவைக் கழற்றினால் கீறல், கீறல் விழுந்தால் தர்ஷினிக்குக் கார் இல்லை. நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். உள்ளே நாதஸ்வரம் உச்சத்துக்குப் போய், கெட்டிமேளம் கொட்டி, தாலியும் ஏறிவிட்டது. பெரியம்மா கண்ணாடி வழியாகவே அட்சதையைத் தூவிவிட்டு என்னிடம் சொன்னார்: “பந்தி ஆரம்பிச்சா எனக்கு எலைய இங்கயே போடச் சொல்லுங்க தம்பி.”

லொறிக்குப் பின்னால்

அடுத்த ஹயருக்கு மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு அப்புத்தளைப் பாதையில் வந்தேன். படித்த பையன். ஏறியதிலிருந்து, நேராக ஓடவிட்டால் என்ன வேகம் போகும் என்று கேட்டுக்கொண்டே வந்தான். முன்னால், கோவா என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. மூடுபனி வேறு இறங்கிவிட்டது. முந்த வழியே இல்லை. நூற்றுக்கணக்கான குதிரைகளின் பலமாம் இந்த என்ஜினுக்கு. அத்தனை குதிரையும் கோவாவை மோப்பம் பிடித்தபடி பின்னால் நடந்தன. நடக்கப் பிடிக்காமல் கார் உறுமியது. லொறியின் பின்னால் மூட்டை மேல் உட்கார்ந்திருந்த கிளீனர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கையை வாயில் குவித்துக் கத்தினான்: “அண்ணே, மாப்பிள்ளைக்கு அவசரம்னா நம்ம லொறியில ஏறிக்கிறச் சொல்லுங்க!”

லயத்து வாசல்

கீறல் இல்லாமல் தர்ஷினியின் கல்யாண நாள் வந்தது. முதலாளி சாவியைக் கையில் வைத்தார். தோட்டத்து ரோடு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும், நான் பிறந்து வளர்ந்த இடம். லயத்துக்குக் கீழே ரோட்டை வெட்டிக்கொண்டு ஒரு கான் போகிறது. மலைத்தண்ணீர் முழுக்க அதில்தான் இறங்கும். அதனால்தான் அக்கா புருஷனான மச்சானும் லயத்து ஆட்களும் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கல்லும் மண்ணும் போட்டு அதை நிரப்பி வைத்திருந்தார்கள். நானும் போய்ப் பார்த்து, போதும் என்று சொல்லியிருந்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு கொட்டிய மழையில் அந்த மண் முழுக்கக் கழுவிக்கொண்டு போய்விட்டது. காலையில் காரோடு போன நான் இறங்கிப் பார்த்தேன். இந்தப் பக்கம் பள்ளம், நடுவில் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். பலகை போட்டாலும் பாறை காரின் வயிற்றைக் கிழித்துவிடும். வாசலில் வைத்துத்தான் ஏற்றுவோம் என்று சொல்லி அனுப்பியிருந்ததால் பெண்ணழைக்க வந்த மாப்பிள்ளை வீட்டு வேன் எனக்குப் பின்னால் வந்து, ஓரமாக விலகி, குலுங்கிக் குலுங்கிக் கானைத் தாண்டி மேலே போய்விட்டது. நல்ல வாகனம் வராது என்று சொன்ன அம்மா அதில்தான் இருந்தார். மேலே தர்ஷினி லயத்து வாசலில் மாலையோடு நிற்பது எனக்குத் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். கானைப் பார்த்தார், காரைப் பார்த்தார். “என்ன எடை வரும்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. “சாமி தூக்குறோம், இத தூக்க மாட்டமா?” என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். லயத்து ஆம்பிளைகள் அத்தனை பேரும் புதுச்சட்டையோடு இறங்கி வந்தார்கள். காரைச் சுற்றிக் குனிந்து, அடியில் கை கொடுத்து, திருவிழாவில் கூவுவது போல “அரோகரா!” என்று கூவித் தூக்கினார்கள். அமெரிக்கக் கார் தரையை விட்டு எழும்பி, கானைத் தாண்டி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது.

தர்ஷினி சொன்னபடியே வாசலில் வைத்து ஏறினாள். திரும்பிக் கானுக்கு வந்ததும், “கொஞ்சம் எறங்கி நடம்மா, அங்கிட்டுப் போய் ஏறிக்கலாம்” என்றேன். அக்கா ஓடி வந்தாள். “கல்யாணப் பொண்ணு ஏறுன பொறகு பாதி வழியில எறக்குறதா? என்னடா பேச்சு இது!” சரி, நானாவது இறங்கிப் பாரத்தைக் குறைக்கிறேன் என்று கதவைத் திறந்தேன். “தாய்மாமன் பக்கத்துல இருக்கணும். ஒக்காரு” என்று கதவைச் சாத்திவிட்டாள். மறுபடியும் அரோகரா. இந்த முறை நாங்கள் இரண்டு பேரும் உள்ளே. கார் ஆடி ஆடி அந்தரத்தில் போகிறது, நான் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, பிரேக்கை உயிரே போகிற மாதிரி மிதித்துக்கொண்டிருக்கிறேன். தர்ஷினி அதைப் பார்த்துவிட்டாள். கல்யாணப் பெண் என்பதையும் மறந்து விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மாப்பிள்ளையின் அம்மா, எங்களுக்கு முன்னால் கானைத் தாண்டியிருந்த வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, கானின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கார் தரையில் உட்கார்ந்ததும் ஆட்கள் நிமிர்ந்து, புதுச்சட்டைகளில் ஒட்டிய சேற்றைத் தட்டினார்கள். அவர் என் பக்கத்துக் கண்ணாடிக்குக் குனிந்து, மெதுவாகத்தான் சொன்னார்: “எங்க பக்கத்துல நாலு வேன் புடிச்சிருக்கோம் தம்பி. ஒண்ணு பள்ளத்துல எறங்கிட்டாலும் தூக்கிவிட ஆள் இல்ல.”

அமெரிக்கக் கார் ஓட்டிய அனுபவம் எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அது எங்கே போனாலும் நான் கதிகலங்கித்தான் போனேன், கீறல் பயத்தை மறந்து சிரித்துக்கொண்டு போனது அதன் டயர் தரையில் படாத அந்தச் சில அடி தூரம் மட்டும்தான்.