மூச்சுவிட்ட சிவப்புச் செடி

போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் முக்கூடல் வீட்டுக் குடிலருகே வைப்பதற்காக, பாளையங்கோட்டையில் எஸ்.டி.டி. பூத்தை ஒட்டிய செடிக்கடையில் மேலிலைகள் சிவந்திருக்கும் பாயின்செட்டியாச் செடி ஒன்று வாங்கினேன். இருந்ததிலேயே அதிகச் சிவப்பு எதுவென்று மேலாகப் பார்த்ததோடு சரி. கழுத்துவரை சுற்றியிருந்த வண்ணத்தாளைப் பிரிக்கவே இல்லை.

வராந்தாவில், அப்பா வயலில் நடுவதற்காக வளர்த்த தக்காளி நாற்றுகள் இருந்தன. அவற்றோடு வைக்கத்தான் நினைத்தேன். மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே வைத்து ஜன்னலைச் சாத்தினேன்.

சாயங்காலம் சித்தி குடிலுக்கு வைக்கோல் பரப்பும்போது கை தாளில் பட்டது. ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றவில்லை, ஆனால் செடியிலிருந்து வெள்ளையாகப் புகை எழுந்தது. சூடில்லை, வாடையில்லை, சத்தமில்லை. குடிலின் கூரைக்கு மேலே கொஞ்சநேரம் மிதந்துவிட்டு, மறுபடி இலைகளுக்குள்ளேயே பையப் போய்விட்டது.

"ஏலே, செடி மூச்சு விடுதுலே!" என்று சித்தி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"சும்மா இருங்க சித்தி" என்றேன். தாளைப் பிரித்து ஓர் இலையைத் திருப்பினேன். அடியில் மாவு அப்பியதுபோல் அத்தனையும் பொடிப்பொடியாய் வெள்ளை ஈ; புகையாகக் கிளம்பியது அதுதான்!

சத்தம் கேட்டு வந்த அப்பா குனிந்து இலையடியைப் பார்த்தார். "தக்காளிக்கு இலைச்சுருட்டை நோய் வாரதே இந்த ஈயாலதாம்லே. நாத்துக்கிட்ட வச்சிருந்தா இந்தப் போகமே போயிருக்கும்."

செடியைச் சாக்கில் கட்டித் தூரத்தில் கொண்டுபோய்ப் புதைத்தோம்.

இந்த வருடம் அதே கடையில் தாளைப் பிரித்து, செடியை லேசாக உலுக்கி, ஒவ்வோர் இலையாகத் திருப்பினேன்.

"சிவப்ப விட்டுட்டு அடியில என்னத்த தம்பி பாக்கிய?" என்றார் கடைக்கார அண்ணாச்சி.

"மூச்சு விடுதான்னு பாக்கேன் அண்ணாச்சி."