அணுக்கூண்டும் ஆயுத பூஜையும்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை எங்கள் அணுக்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி மலைமேல் இருந்த ஆய்வுக்கூடத்தில் நான் வேக்யூம் டெக்னீஷியன். காற்றை உறிஞ்சி எடுத்த சேம்பருக்குள், லேசரும் காந்தச் சுருளும் கொண்டு ருபீடியம் அணுக்களை அந்தரத்தில் பிடித்து நிறுத்துவோம். ஒன்றேகால் நிமிடத்தில் பாதி சிதைந்துபோகும் ரகம் அது. பீட்டாச் சிதைவு என்பார்கள். சிதையும்போது பாசிட்ரான் என்றொரு துகள் பாயும். அணுக்களை ஒரே திசை பார்க்க வைத்து, மேலே எத்தனை பாய்கிறது, கீழே எத்தனை என்று எண்ண வேண்டும். இயற்கை இதில் பாரபட்சம் பார்க்கும்; ஒரு பக்கம் அதிகம் பாயும். எவ்வளவு என்று அளப்பதுதான் டாக்டர் மதிவதனியின் நான்கு வருட உழைப்பு. ருபீடியத்தைத் தரும் சோர்ஸும் இருபத்தைந்து நாளில் பாதியாகிவிடும். அடுத்தது கிடைக்க ஒரு வருடம் ஆகும்.

அன்று பாரபட்சம் வழக்கத்தில் பாதிகூட இல்லை.

"வேக்யூம்ல லீக்கா சார்?" என்றார் மதிவதனி.

எனக்குச் சுருக்கென்றது. "என் சேம்பர்ல லீக்கா? இருபது வருஷமா போல்ட்டு முடுக்குற கை மேடம் இது. உங்க லேசரப் பாருங்க" என்றேன். மீட்டிங்கிலும் அதையே, இன்னும் சத்தமாக.

பாவம், பக்கத்து அறையில் மூன்று நாள் லேசரோடு மல்லுக்கட்டினார். நான் லீக் டிடெக்டரோடு சேம்பரைச் சுற்றி வந்து, லீக் இல்லை என்று தினமும் நிரூபித்து மீசையை முறுக்கினேன். நான்காம் நாள் லேசரைப் பிரித்துவிடுவதென்று அவர் முடிவெடுத்தார். பிரித்தால் மறுபடி ட்யூன் செய்ய ஒரு மாதம். சோர்ஸ் அதற்குள் பாதிக்கு மேல் போய்விடும்.

அன்று பெருக்க வந்த காசியம்மா துடைப்பத்தோடு என் முன் நின்றார்.

"இன்னா சார், இந்த பீரோவ எப்போ அந்தாண்ட தள்ளுவீங்க? தொடப்பமே நொழைய மாட்டேங்குது."

"எந்த பீரோ?"

"சாமி படம் வைக்கணும்னு நீங்கதான சார் ரெண்டு ஆள இட்டாந்து இங்க இஸ்து வச்சீங்க? நல்லா கீது போங்க!"

திரும்பிப் பார்த்தேன். சேம்பருக்கு நேர் எதிரே சாமி இருக்கட்டும் என்று டூல்ஸ் பீரோவை நகர்த்தியவன் நானேதான். பூமியின் காந்தத்தைக்கூடக் கணக்கில் எடுத்து ட்யூன் செய்த சுருள்களுக்குப் பக்கத்தில் பீரோ நிறைய இரும்பு! இரும்பு காந்தப்புலத்தை வளைத்துவிட்டால் அணுக்கள் எந்தத் திசையைப் பார்க்கும்? சேம்பர் அருகே ஒரு ஸ்பானர் வைத்தாலே கத்துகிற ஆசாமி, மூன்று நாளாக அந்த பீரோவில் சாய்ந்துதான் டீ குடித்திருக்கிறேன்.

எல்லோரும் டிபனுக்குப் போனதும் சத்தமில்லாமல் தள்ளிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. லேசர் தானாகச் சரியானதாக நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த மூன்று நாள் எண்ணிக்கை அவருடைய நல்ல எண்ணிக்கையோடு கலந்தே இருக்கும். என் வீம்பும் அவர் விடையில் ஏறிவிடும். மனசு கேட்கவில்லை.

லேசர் அறையில் அவர் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்திருந்தார்.

"அத கீழ வச்சிடுங்க மேடம். தப்பு லேசர்ல இல்ல, என் மேல" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் லாக்புக்கைத் திறந்தார். "எத்தன மணிக்கு நகர்த்துனீங்க சார்?"

"பூஜையன்னிக்கு சாயந்திரம் நாலு இருக்கும்."

நான்கு மணியிலிருந்து எல்லாவற்றையும் சிவப்பு மையால் அடித்தார். நாலு பேராகச் சேர்ந்து பீரோவைத் தள்ளினோம். மாலைக்குள் பாரபட்சம் பழையபடி வந்தது. அப்புறம்தான் சிரித்தார். "அடுத்த வருஷம் சாமி படத்த செவுத்துல மாட்டிக்கலாம் சார். பித்தள ஆணியில."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எதை நகர்த்தினாலும் லாக்புக்கில் எழுதுங்கள். அடுத்தவர் லேசரைக் குறை சொல்லும் முன், நீங்கள் எதில் சாய்ந்து நிற்கிறீர்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நான் வீணாக்கிய மூன்று நாள் சோர்ஸ் திரும்ப வரவே இல்லை. மதிவதனி ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறைக்கிறது.